ஊசியால் சுட்டால் போதுமா, வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி ஓடியாடி வேலை செய்பவர்தான். போன மாதம் இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. 1.3 செ.மீ.தான், ஆரம்ப நிலை, கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் அறுவை சிகிச்சை மருத்துவர். அம்மாவோ ஆபரேஷன் என்ற பேச்சையே எடுக்கவிடுவதில்லை. 25 வருடங்களுக்கு முன் என் பெரியம்மாவுக்கு மார்பை முழுவதுமாக எடுத்தார்கள். கை வீங்கி, கடைசிவரை அவதிப்பட்டார். ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்திக் கட்டியைச் சூட்டால் பொசுக்கும் சிகிச்சை ஒன்று இருப்பதாக வீடியோவில் பார்த்ததிலிருந்து, "அதுதான் எனக்கு வேணும்" என்று ஒரே பிடிவாதம். அதைச் செய்யலாமா? ஊசி பட்டால் நோய் பரவாதா? அதைச் செய்துகொண்டால் ரேடியேஷன், மாத்திரை எதுவும் வேண்டாமா? வெந்த கட்டி உள்ளேயே கிடக்குமே, அது செத்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லா ரிப்போர்ட்டையும் அப்படியே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் அனுப்பியதற்கு முதலில் நன்றி. "1.3 செ.மீ. கட்டி, என்ன செய்யலாம்?" என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் பொத்தாம்பொதுவாக ஏதாவது சொல்லியிருப்பேன். நீங்கள் அனுப்பியதில் இரண்டு வரிகள் என்னை நிறுத்திவிட்டன. அந்த இரண்டைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று, மேமோகிராம் ரிப்போர்ட்டில் இருக்கிறது: கட்டியிலிருந்து காம்பை நோக்கி, சுமார் 3 செ.மீ. தூரத்துக்கு, நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன. இன்னொன்று, பயாப்சி ரிப்போர்ட்டின் அடியில்: ஹெர்-2 என்ற இடத்தில் '2+' என்று போட்டிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் விடை தெரியும்வரை வெப்ப சிகிச்சைக்குத் தேதி வாங்காதீர்கள். அம்மாவுக்கு அது ஒத்தே வராது என்று நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து ஊசி செலுத்துவதுதான் என் தொழில். இந்தச் சிகிச்சைமேல் எனக்கு ஆசை உண்டே தவிர வெறுப்பு கிடையாது. ஆனால் சுட்டுவிட்ட கட்டியிடம் பிறகு எதையும் கேட்க முடியாது. கேட்க வேண்டியதையெல்லாம் அது உயிரோடு இருக்கும்போதே கேட்டு முடித்துவிட வேண்டும்.

வீடியோவில் காட்டியது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

உயிரணுவுக்குள் இருக்கும் புரதம் சூடு பட்டால் திரிந்துபோகும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுத்தால் மறுபடி பழையபடி ஆகாது அல்லவா, அப்படி. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சில நிமிடங்கள் வைத்தால் செல்கள் மடியும். 60-க்கு மேல் போனால் கிட்டத்தட்ட உடனே. அதற்காக 100-க்கு மேல் ஏற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. திசு கருகிவிடும், கருகிய பகுதி சூட்டை மேற்கொண்டு வெளியே போகவிடாமல் தடுத்துவிடும். நடுவில் கரி, ஓரத்தில் உயிருள்ள புற்றுநோய் என்று ஆகிவிட்டால் செய்ததே வீண். அதனால் 60-க்கும் 100-க்கும் இடையில், கட்டியையும் அதைச் சுற்றி ஐந்து முதல் பத்து மி.மீ. நல்ல திசுவையும் சேர்த்து, ஒரே சீராக வேகவைப்பதுதான் இதில் உள்ள கைத்திறமை.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். ரேடியோ அலைவரிசை மின்சாரம் பாய்ச்சுவது ஒன்று. மைக்ரோவேவ் இன்னொன்று. கண்ணாடி இழை வழியாக லேசர் ஒளியை உள்ளே கொண்டுபோவது மூன்றாவது. ஊசியே இல்லாமல், ஒலி அலைகளைத் தோலுக்கு வெளியிலிருந்து ஒரு புள்ளியில் குவித்துச் சுடும் முறையும் உண்டு. கேட்க அற்புதமாக இருக்கும், ஆனால் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வெகுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இவற்றுக்கு நேர் எதிராக, கட்டியை உறைய வைத்துக் கொல்லும் குளிர் முறையும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் அம்மா வயதினருக்கு ஆபரேஷனே செய்யாமல் விட்டுப் பார்த்த நல்ல ஆய்வு அதில்தான் இருக்கிறது.

ரேடியோ அலை முறையில் நடப்பது இதுதான். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, தொடையில் ஒரு பட்டையை ஒட்டுவோம். மின்சாரம் திரும்பிப்போக அது வழி. மரப்பு ஊசி போட்டோ, லேசாகத் தூங்க வைத்தோ, தோலில் இரண்டு மி.மீ. அளவுக்குக் கீறி, ஊசியை உள்ளே விடுவோம். அல்ட்ராசவுண்ட் திரையில் கட்டி கறுப்பாக, ஓரங்கள் ஒழுங்கில்லாமல் தெரியும். ஊசி வெள்ளைக் கோடாக அதை நோக்கி நகரும். கட்டியின் நட்ட நடுவில், நீளவாக்கில், நுனி மறுபக்கம் சற்று வெளியே வரும்படி அது போய் நிற்க வேண்டும். திரையில் ஒரு கோணத்தில் சரியாக இருப்பது போலத் தோன்றும். கருவியைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் பார்த்தால் ஊசி ஓரமாகப் போயிருக்கும். இரண்டு கோணத்திலும் நடுவில் இருந்தால்தான் நடு.

உங்கள் அம்மாவின் கட்டி தோலிலிருந்து 8 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. இது நெருக்கம்தான். இப்படிப்பட்ட கட்டிக்கும் தோலுக்கும் நடுவில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தை ஊசியால் செலுத்தித் தோலைத் தூக்கிவிடுவோம். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ரேடியோ அலை முறையில் சர்க்கரைத் தண்ணீர். மேலே ஐஸ் பை வேறு. இத்தனைக்கும் பிறகும் சிலருக்குத் தோல் வெந்துபோவது உண்டு. நெஞ்சுத் தசை சுடப்படுவதும் உண்டு.

மின்சாரம் பாயத் தொடங்கியதும் திரையில் வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பும். திசுவிலுள்ள நீர் கொதித்து எழும் நுண்குமிழிகள் அவை. வீடியோவில் இதைக் காட்டி, "பாருங்கள், கட்டி அழிகிறது" என்பார்கள். உண்மையில் அந்த மேகம் கட்டியை மறைக்கிறது. எது வெந்தது, எது வேகவில்லை என்ற எல்லைக்கோடு அந்த நேரத்தில் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் காட்டும் மின்தடை, கடந்த நேரம், வெப்பமானியின் அளவு இவற்றை வைத்துத்தான் நிறுத்துகிறோம். எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் செய்தால் சூடு பரவுவதைப் படமாகவே பார்க்கலாம். ஆனால் அதற்கேற்ற கருவிகள் எல்லா இடத்திலும் கிடையாது.

இப்போது ஆபரேஷனை யோசியுங்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டின் மேற்பரப்பு முழுக்க மை தடவி, அதைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பார் நோய்க்குறியியல் மருத்துவர். மை பட்ட இடத்தில் புற்றுநோய் செல் இல்லையென்றால் ஓரம் சுத்தம். இருந்தால், மிச்சம் உள்ளே இருக்கிறது, மறுபடி போக வேண்டும். எல்லாம் வந்துவிட்டதா என்ற கேள்விக்குக் கையில் பிடித்துக் காட்டும்படி ஒரு விடை கிடைக்கிறது. சுடும் முறையில் துண்டும் இல்லை, மையும் இல்லை. வெட்டுத் தழும்பு இல்லாமல் போகிறது, உண்மை. அந்த லாபத்துக்குக் கொடுக்கும் விலை இந்த ரிப்போர்ட்.

அந்த விலை கட்டுப்படியாகுமா? அது யாருக்கு, எந்தக் கட்டிக்கு என்பதைப் பொறுத்தது. சுட்டோ உறைய வைத்தோ, அதன்பின் கட்டியை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் நடந்த ஒன்று நம் விஷயத்துக்கு மிகப் பொருத்தம். 2 செ.மீ.க்குள் இருந்த 87 கட்டிகளைக் குளிரால் உறைய வைத்துவிட்டு ஆபரேஷன் செய்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. 76 சதவீதத்தில் மட்டுமே மார்பில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் உறைந்த வட்டத்துக்கு உள்ளே மட்டும் கணக்கெடுத்தால் 92 சதவீதம் சுத்தம். 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகள் அந்த வட்டத்துக்குள் முழுவதுமாக அழிந்திருந்தன. அப்படியானால் மிச்சம் எங்கே இருந்தது? பெரும்பாலும் வட்டத்துக்கு வெளியே. ஸ்கேனில் யாரும் பார்க்காத இடத்தில். ஊசி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. எங்கே குத்த வேண்டும் என்று சொன்ன படம்தான் பாதியைச் சொல்லாமல் விட்டது.

அதனால்தான் அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகள் என்னை உறுத்துகின்றன.

மார்பில் சுண்ணாம்புப் புள்ளிகள் இருப்பது சாதாரணம். வயதானவர்களின் மேமோகிராமில் ஏதாவது ஒரு வடிவில் அவை அடிக்கடி இருக்கும், முக்கால்வாசி தொந்தரவில்லாதவை. ஆனால் புற்றுநோய்க் கட்டி ஒன்றிலிருந்து கிளம்பி, காம்பை நோக்கிக் கோடு போட்டாற்போல் போகும் நுண்புள்ளிகள் வேறு சங்கதி. பால் நாளம் போகும் பாதை அது. நாளத்துக்குள்ளேயே படர்ந்திருக்கும் தொடக்கநிலைப் புற்றுநோய், மருத்துவர்கள் டி.சி.ஐ.எஸ். என்று சொல்வது, இப்படித்தான் படத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும். அது இருந்தால் கட்டியின் அளவு 1.3 செ.மீ. என்பதே தப்புக் கணக்கு. கட்டியும் அந்தக் கோடும் சேர்ந்ததுதான் நோயின் அளவு. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் புள்ளிகள் மேமோகிராமில் தெளிவாகத் தெரியும், அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்டைப் பார்த்துச் சுடுபவருக்குக் கட்டி தெரியும், வால் தெரியாது. தலையைச் சுட்டுவிட்டு வாலை விட்டுவிடுவார்.

உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் இதைக் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் நேராகக் கேளுங்கள்: "அந்தப் புள்ளிகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" மேமோகிராம் வழிகாட்டலில் அந்த இடத்தில் தனியாக ஒரு பயாப்சி எடுக்க வேண்டும். கூடவே மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒன்று, அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். பயாப்சியில் டி.சி.ஐ.எஸ். என்று வந்தால் வெப்பம், குளிர் இரண்டையும் மறந்துவிடலாம். இந்தச் சிகிச்சை ஆய்வுகள் அப்படிப் பரவலாக நாளத்தில் படர்ந்தவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒன்றுமில்லை என்று வந்தால் பேச்சை மறுபடி தொடங்கலாம்.

இரண்டாவது வரி, ஹெர்-2. புற்றுநோய் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம் அது. நிறைய இருந்தால் நோயின் போக்கும் மருந்தும் மாறும். 0, 1+ என்றால் இல்லை. 3+ என்றால் உண்டு. 2+ என்றால் இரண்டுங்கெட்டான். ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்து தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு நெகட்டிவ் என்றுதான் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் பாசிட்டிவ் என்று வந்தால் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து, அதோடு கீமோ என்று வழியே மாறிவிடும். பயாப்சியில் எடுத்த அதே துண்டிலேயே ஃபிஷ் செய்யலாம். அந்தத் துண்டு மெழுகில் பதித்து பரிசோதனைக்கூடத்தில் பத்திரமாக இருக்கும். ஆபரேஷன் செய்தால், இது விட்டுப்போனாலும் எடுத்த கட்டியில் பார்த்துக்கொள்ளலாம். சுட்டுவிட்டால் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது. நோயின் தீவிரத்தைச் சொல்லும் கிரேடு, ஹார்மோன் ஏற்பிகளான ஈ.ஆர்., பி.ஆர்., செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கே.ஐ.-67 எல்லாமும் அப்படித்தான்.

சரி, புள்ளிகள் ஒன்றுமில்லை, ஹெர்-2 நெகட்டிவ் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது?

அப்போது உங்கள் அம்மா, இந்தச் சிகிச்சை யாருக்காக என்று தேடுகிறார்களோ அந்தக் கூட்டத்துக்கு மிக அருகில் வருவார். வயது 60-க்கு மேல், கட்டி 1.5 செ.மீ.க்குள், ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ், தீவிரம் குறைவு: இத்தகைய 194 பெண்களுக்குக் கட்டியை உறைய வைத்துவிட்டு, ஆபரேஷனே செய்யாமல் தொடர்ந்து கவனித்தார்கள் அமெரிக்காவில். ஐந்து ஆண்டுகளில் அதே மார்பில் நோய் திரும்பியது சுமார் 4.3 சதவீதத்தினருக்கு. மோசமில்லை. அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 அக்டோபரில் இந்தக் குளிர் முறைக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் 70 வயதும் அதற்கு மேலும், ஹார்மோன் மாத்திரையோடு சேர்த்து என்ற நிபந்தனையோடு. குளிர் முறையில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி, உறைந்த உருண்டையின் விளிம்பு அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று தெரியும். வெள்ளை மேகத் தொல்லை இல்லை. குளிரே மரத்துப்போகவும் செய்யும். ஆனால் அந்த விளிம்பில் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரிதான். செல் நிச்சயமாகச் சாக மைனஸ் 20-க்கும் கீழே போக வேண்டும். ஆகவே உருண்டை கட்டியைத் தாண்டி நன்றாக வெளியே வரும்வரை விட வேண்டும்.

சூட்டு முறையில் முன்னால் நிற்பது ஜப்பான். அங்கே பத்து மருத்துவமனைகளில் ரேடியோ அலை சிகிச்சை பெற்ற 386 பேரைப் பின்னோக்கிப் பார்த்தபோது, 2 செ.மீ.க்குள் இருந்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியிருந்தது. அதற்கு மேல் இருந்தவர்களில் 10 சதவீதம். பிறகு கட்டுப்பாடுகளோடு பெரிய ஆய்வு நடத்தி, 2023 டிசம்பர் முதல் அரசுக் காப்பீட்டிலேயே சேர்த்தார்கள். எல்லாருக்கும் அல்ல: ஒரே ஒரு கட்டி, 1.5 செ.மீ.க்குள், அக்குள் நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் இல்லை, சுட்ட பிறகு கட்டாயம் ரேடியேஷன்.

கடைசியில் சொன்னதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். வெப்ப சிகிச்சை செய்துகொண்டால் ரேடியேஷன் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊசி கட்டியை மட்டும் பார்த்துக்கொள்ளும். மீதி மார்புக்கு ரேடியேஷன், உடம்பு முழுவதற்கும் மாத்திரை. அந்த இரண்டின் வேலையை ஊசி செய்யாது. லெட்ரோசோல் மாதிரியான ஹார்மோன் மாத்திரை எப்படிச் செய்துகொண்டாலும் குறைந்தது ஐந்து வருடம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. உங்கள் அம்மா வயதினருக்கு ரேடியேஷனைத் தவிர்க்க வழி கொடுப்பது ஆபரேஷன்தான். 65 வயது கடந்த, அக்குளில் நோய் பரவாத, ஹார்மோன் பாசிட்டிவ் பெண்களைப் பத்து வருடம் கவனித்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், கட்டியை எடுத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு 0.9 சதவீதமும் எடுக்காதவர்களுக்கு 9.5 சதவீதமும் அதே மார்பில் நோய் திரும்பியது. உயிர் பிழைப்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் சிலர் மருத்துவரோடு பேசி, ரேடியேஷன் வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் ஓரம் சுத்தம் என்று நுண்ணோக்கியில் நிரூபித்துக்கொண்டவர்கள். அந்த ரிப்போர்ட் இல்லாதவருக்கு ரேடியேஷனை விட்டுவிடு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. கத்திக்குப் பயந்து ஊசிக்குப் போனால் ரேடியேஷனிலிருந்து தப்பும் வழி அடைபட்டுவிடும்.

ஊசி பட்டால் பரவுமா என்று கேட்டிருந்தீர்கள். ஊசி போன பாதையில் செல்கள் சிந்துவது அபூர்வமாக நடக்கலாம். அதற்காகவே வெளியே இழுக்கும்போது ஊசியைச் சூடாக வைத்து அந்தப் பாதையையும் பொசுக்கிக்கொண்டே வருவோம். பயாப்சி எடுத்ததால் நோய் பரவியிருக்குமோ என்று வீட்டில் யாராவது அம்மாவைப் பயமுறுத்தியிருந்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

செத்துவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எம்.ஆர்.ஐ.யில் செலுத்தும் மருந்து, ரத்த ஓட்டம் உள்ள இடத்தில் ஏறும். செத்த இடத்தில் ஏறாது. ஆனால் சுட்ட இடத்தைச் சுற்றி முதல் சில வாரங்கள் அழற்சி வளையம் ஒன்று இருக்கும். அதுவும் மருந்தை வாங்கி மிளிரும், நோய் மிச்சமிருப்பதாக மயக்கம் காட்டும். பொறுத்துப் பார்க்க வேண்டும். ஜப்பான் ஆய்வில் ரேடியேஷன் முடிந்து சில மாதங்கள் கழித்து அந்த இடத்தில் மறுபடி ஊசி பயாப்சி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒரு சூது: சூட்டில் செத்த செல், வழக்கமான சாயத்தில் பார்த்தால் உயிரோடு இருப்பது போலவே உருக்குலையாமல் தெரியும். உயிர் இருக்கிறதா என்று காட்டும் தனிச் சாயம் போட்டால்தான் உண்மை தெரியும். இதைச் செய்து பழகிய பரிசோதனைக்கூடம் இருக்கிறதா என்பது உங்கள் கேள்விகளில் ஒன்றாக இருக்கட்டும்.

அம்மாவிடம் இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: சுட்ட பிறகும் கட்டி கையில் தட்டுப்படும். சில நேரம் முன்பைவிடக் கெட்டியாக. வெந்த கொழுப்பு எண்ணெய்ப் பையாக மாறி, ஓரத்தில் சுண்ணாம்பு படிந்து, மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட அங்கேயே கிடக்கும். குளிக்கும்போது கை பட்டு, "திரும்ப வந்துடுச்சோ" என்று தூக்கம் கெடும் பெண்களை எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவின் மனசு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத்தான் தெரியும். கட்டி உடம்பை விட்டுப் போனால்தான் நிம்மதி என்பவர் அவர் என்றால், இந்தச் சிகிச்சை அந்த நிம்மதியைக் கொடுக்காது.

இனி பெரியம்மாவின் கதை. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, அம்மா பயப்படுவது தனக்கு நடக்கப்போகும் ஆபரேஷனுக்கு அல்ல, அக்காவுக்கு நடந்த ஆபரேஷனுக்கு என்று பட்டது. பெரியம்மாவுக்கு மார்போடு அக்குள் நெறிகளையும் வழித்து எடுத்திருப்பார்கள்; கை வீக்கத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அவருடைய நோய் எந்த நிலையில் இருந்தது என்று நமக்குத் தெரியாது, அப்போது அது தேவையாகவும் இருந்திருக்கலாம். உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருப்பது அதுவல்ல. கட்டியையும் சுற்றி மெல்லிய ஓரத்தையும் எடுப்பது, மார்பு இருக்கும். இப்படி எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், முழு மார்பை எடுத்தாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை என்று இத்தாலியில் வெரோனேசி குழுவும் அமெரிக்காவில் ஃபிஷர் குழுவும் இருபது வருடம் கவனித்து 2002-இல் உறுதிசெய்தார்கள். அக்குளிலும் சாயம் போட்டு முதல் ஓரிரு நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பதுதான் இப்போது வழக்கம். 2 செ.மீ.க்குள் கட்டி இருந்து, அல்ட்ராசவுண்டில் அக்குள் சுத்தமாக இருந்தால் அதையும் விட்டுவிடலாமா என்று பார்த்த இத்தாலி ஆய்வு ஒன்று, விட்டாலும் மோசமாகவில்லை என்று 2023-இல் சொன்னது. உங்கள் அம்மாவின் அக்குள் ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆகவே, "நெறியைத் தொடாமல் விட முடியுமா?" என்று அறுவை சிகிச்சை மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், வீடியோக்கள் எல்லாவற்றையும்விட அம்மாவின் பயத்தைக் குறைக்கலாம்.

மயக்க மருந்து டாக்டர் அம்மாவைப் பார்த்து, தாங்குவார் என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம். இதய நோய், நுரையீரல் நோய் என்று ஆபரேஷன் மேஜையில் படுக்கவே முடியாதவராக இருந்திருந்தால் என் பதிலின் சாய்வே வேறாக இருந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி உண்மையான வரம். தாங்கக்கூடியவருக்கு, இன்றைய நிலையில், ஆபரேஷனே முதல் தேர்வு என்பது என் கருத்து. எல்லாம் சாதகமாக வந்து, அப்போதும் அம்மா ஊசிதான் என்று உறுதியாக நின்றால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, தொடர் கண்காணிப்போடு நடக்கும் ஆய்வுக்குள் சேர்ந்து செய்துகொள்ளட்டும். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குத் திரும்பியது, திரும்பினால் அடுத்து என்ன என்று கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெப்ப சிகிச்சை என்ற அதே பெயரில் வேறொன்றும் விற்கப்படுகிறது: உடம்பை அல்லது மார்பை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்குவது. ரேடியேஷனின் வீரியத்தைக் கூட்ட, குறிப்பாக நெஞ்சுச் சுவரில் நோய் திரும்பியவர்களுக்கு, அதற்கு மருத்துவத்தில் இடம் உண்டு. தனியாக அதை மட்டும் செய்து மார்பகக் கட்டியை ஒழிப்பதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டியைச் சுட்டால் உடம்பின் எதிர்ப்புசக்தி விழித்துக்கொண்டு மீதி நோயைத் தானே தின்றுவிடும் என்பதும் ஆய்வுக்கூடத்து நம்பிக்கைதான். அதை எண்ணிச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்து ஃபிஷ் அனுப்பியாகிவிட்டதா என்று கேளுங்கள். மேமோகிராம் படங்களை, ரிப்போர்ட்டை மட்டும் அல்ல, படங்களையே, வாங்கிக் கையில் வையுங்கள். பயாப்சி எடுத்தபோது கட்டிக்குள் உலோகக் கிளிப் வைத்தார்களா என்று விசாரியுங்கள். பிற்பாடு எந்த வழியில் போனாலும் இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். அம்மாவை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் நேரில் அழைத்துப்போங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள், பெரியம்மாவின் கை எப்படி இருந்தது என்று அவரே அந்த மருத்துவரிடம் சொல்லட்டும்.

தாமதமாகிறதே என்று பதற வேண்டாம். இந்த வகைக் கட்டி சில வாரங்களில் தலைகீழாக மாறிவிடாது. பரிசோதனைகள் இழுத்துக்கொண்டே போனால், ஹெர்-2 நெகட்டிவ் என்று உறுதியான பிறகு, ஆபரேஷன் வரை ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கி வைக்கலாமா என்று புற்றுநோய் மருந்தியல் மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு அப்படிச் செய்வது வழக்கத்தில் உள்ளதுதான். புள்ளிகளின் பயாப்சி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.